42 இன்ச் வட்ட ரம்பத்துக்கு எந்த இன்ஜின்?

கடைமடை — 03-02-2024, காலை 7:40

பட்டுக்கோட்டைப் பக்கம் பழைய சா மில் (மரம் அறுக்கும் பட்டறை). வார்ப்பிரும்புச் சட்டம், தண்டவாளத்தில் கையால் தள்ளும் டிராலி, 42 இன்ச் வட்ட ரம்பம், ஒரே தகடு, 60 பல். இத்தனை காலம் ஓட்டியது ஒற்றை சிலிண்டர் ரஸ்டன் டீசல் இன்ஜின். பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டது, உதிரியும் கிடைப்பதில்லை.

கைக்கு எட்டுகிற வழி மூன்று: கியர்பாக்ஸோடு வரும் பழைய லேலண்டு 370 லாரி இன்ஜின், வீட்டில் நிற்கும் 35 ஹெச்.பி. டிராக்டர், 10 ஹெச்.பி. மோட்டார் (கரண்ட் இணைப்பும் அந்த அளவுக்குத்தான்). அறுப்பது வேம்பு, வாகை, மா, கொஞ்சம் புளி, தென்னை. தடி பெரும்பாலும் 12 இன்ச், எப்போதாவது 18.

லேலண்டே சரி என்பது என் எண்ணம். 100 ஹெச்.பி. வகுப்பு இன்ஜின், எதைக் கொடுத்தாலும் அறுத்துவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அறுப்புக்காரர் — 03-02-2024, காலை 9:15

இன்ஜினிலிருந்து தொடங்காதீர்கள், பிளேடிலிருந்து தொடங்குங்கள். பிளேடில் ஏதாவது எண் குத்தியிருக்கிறதா, இப்போதைய விட்டம் என்ன, தகடு எவ்வளவு கனம், கடைசியாக எந்த வேகத்துக்கு அடித்து டென்ஷன் வைத்தார்கள் என்ற நான்கும் தெரிய வேண்டும். வட்ட ரம்பத் தகட்டை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கென்று சுத்தியலால் அடித்து வைத்திருப்பார்கள். சுற்றும்போது விளிம்பு விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான் நடுப்பகுதியைத் தட்டித் தளர்த்துவது. 700 ஆர்.பி.எம்.முக்கு அடித்த தகட்டை 1000-இல் ஓட்டினால் விளிம்பு ஆடும், 500-இல் ஓட்டினால் நடு ஆடும். இரண்டிலும் பலகை அலை அலையாக வரும்.

ஆக உங்களுக்கு வேண்டியது பெரிய ஹெச்.பி. மட்டும் இல்லை. தடி உள்ளே போகும்போதும் வேகத்தை விடாத இன்ஜின் வேண்டும்.

ஒரு கணக்கு. தகடு சுமார் 4.2 மி.மீ., பல்லை இரண்டு பக்கமும் சாய்த்து வைக்கும் செட் சேர்த்தால் அறுப்பு அகலம் 6 மி.மீ. வரும், 2 நூலுக்கு (ஒரு நூல் 1/8 இன்ச்) கொஞ்சம் குறைவு. தடி 12 இன்ச் ஆழம் என்றால் அறுபடும் முகம் 18 சதுர செ.மீ. பச்சை மா, வாகைக்குக் கன செ.மீ.க்கு 40 ஜூல், காய்ந்த புளிக்கு 80 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் 60 எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 20 அடி தள்ளினால் 11 கிலோவாட், அதாவது 15 ஹெச்.பி. தகடு, பெல்ட், பேரிங் சும்மா சுற்ற இன்னும் 3, 4 ஹெச்.பி. ஆழம் 18 இன்ச் ஆனால் அறுப்புச் செலவு அப்படியே ஒன்றரை மடங்கு.

12 இன்ச் தடிக்கு 20, 25 ஹெச்.பி. தொடர்ந்து கிடைத்தால் போதும். 100 வேண்டியதில்லை.

பழைய_ரஸ்டன் — 03-02-2024, இரவு 8:50

ஹெச்.பி. எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மெதுவாக ஓடும் பழைய இன்ஜினின் ஹெச்.பி. வேறு, இன்றைய வேக இன்ஜினின் ஹெச்.பி. வேறு. லிஸ்டர் 6/1 என்பது 650 ஆர்.பி.எம்.மில் 6 ஹெச்.பி.; கிர்லோஸ்கர் டி.வி.1 1500-இல் 7 ஹெச்.பி. ரம்பத்தில் மாட்டினால் லிஸ்டர் திணறாது. ஃப்ளைவீல்தான் காரணம். வழி இருந்தால் இன்னொரு ரஸ்டனோ, ராஜ்கோட்டில் வார்த்த லிஸ்டர் மாடல் இரட்டை சிலிண்டரோ தேடுங்கள். புல்லி வேகம் ரம்பத்தின் வேகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், இடையில் ஒன்றும் வேண்டாம்.

அறுப்புக்காரர் — 04-02-2024, காலை 6:30

ஃப்ளைவீல் உதவும் என்பது உண்மை. எவ்வளவு நேரத்துக்கு உதவும் என்று பார்த்துவிடலாம். 200 கிலோ விளிம்பு, 30 செ.மீ. ஆரம், 650 ஆர்.பி.எம். என்றால் உள்ளே சேர்ந்திருப்பது சுமார் 42 கிலோஜூல். வேகம் 10 சதவீதம் இறங்கினால் அதில் வெளியே வருவது 8 கிலோஜூல்தான். இன்ஜின் 5 கிலோவாட் பற்றாக்குறையில் இருந்தால் அந்த 8 ஒன்றரை வினாடியில் தீர்ந்துவிடும்.

ஒரு கணுவைத் தாண்ட இது போதும். 10 அடித் தடியை முழுக்க அறுக்கப் போதாது. லிஸ்டர் திணறாமல் தெரிவதற்கு இன்னொரு காரணம், ரம்பக்காரர் சத்தம் இறங்கும்போதே டிராலியைத் தானாக மெதுவாகத் தள்ளுவது. 6 ஹெச்.பி. எங்கே ஓடினாலும் 6 ஹெச்.பி.தான்.

மெது இன்ஜினின் நிஜமான நன்மை அதன் கவர்னர் (பாரம் மாறினாலும் வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவி), ஆயுள், எளிமை. அந்த மூன்றுக்காக வாங்குவதென்றால் நானும் ஒப்புக்கொள்வேன்.

லேத்பட்டறை — 04-02-2024, மதியம் 1:05

லேலண்டைப் பற்றி. இன்ஜின் நல்ல இன்ஜின், 370 கன இன்ச், ஆறு சிலிண்டர், 6 லிட்டர் சொச்சம். 1400 ஆர்.பி.எம்.மில் வைத்தாலும் 60 ஹெச்.பி. தரும். சிக்கல் வேறு இடங்களில்.

முதலில் கவர்னர். லாரி டீசல் பம்புகளில் பல, சும்மா ஓடும் வேகத்தையும் உச்ச வேகத்தையும் மட்டும் கவனிக்கிற ஆர்.க்யூ. வகைக் கவர்னரோடு வரும். இரண்டுக்கும் நடுவே டிரைவரின் கால்தான் கவர்னர். ரம்பத்தில் கால் கிடையாது. நெம்புகோலைக் கட்டி 1400-இல் விட்டால், தடி ஏறும்போது 1100-க்கு விழும், தடி முடிந்ததும் 1700-க்குப் பாயும். எல்லா வேகத்தையும் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. வகைக் கவர்னர் உள்ள பம்பு வேண்டும். ஜெனரேட்டர் செட்டிலோ அறுவடை இயந்திரத்திலோ வந்த பம்பு கிடைத்தால் நாசில், டைமிங் ஒத்துவருகிறதா என்று பம்பு பட்டறையில் பார்த்துப் போடலாம். இன்ஜினின் விலையைப் பேசும்போது இந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

பெர்கின்ஸ் பி6 போன்ற இன்னும் பழைய இன்ஜின் யாராவது காட்டினால், அதில் காற்று உறிஞ்சலால் இயங்கும் நியூமாட்டிக் கவர்னர் இருக்கும். உள்ளே ஒரு தோல் டயாஃப்ரம். அது கிழிந்தால் கவர்னர் பிடிப்பு போய், இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடும். ரம்பத்தோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பக்க இழுப்பு. கியர்பாக்ஸின் வால் ஷாஃப்டில் நேராகப் புல்லியை மாட்டி பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தப் பேரிங் முறுக்கைக் கடத்த வைத்தது, பக்கவாட்டில் இழுபட வைத்ததில்லை. சீக்கிரமே ஆயில் சீல் ஒழுகும், பிறகு பேரிங் கத்தும். ஃப்ளைவீலில் புல்லியை போல்ட் போட்டு மாட்டினால் இன்னும் மோசம், கிராங்க்கின் பின் மெயின் பேரிங் ஒருபக்கமாகத் தேயும்.

நடுவில் ஒரு கவுன்டர் ஷாஃப்ட் (இடைத்தண்டு) வையுங்கள். இரண்டு பிளம்மர் பிளாக் (தண்டைத் தாங்கும் பேரிங் பெட்டி), நடுவில் புல்லி. இன்ஜினிலிருந்து கவுன்டர் ஷாஃப்டுக்கு இரண்டு கிராஸ் (மடங்கும் மூட்டு) உள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட். கோணம் 3 டிகிரிக்கு மேல் வேண்டாம், இரண்டு முனையின் கவையும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கியர் டாப்பில் மட்டும். டாப்பில் பல்சக்கரத்தின் மேல் பாரம் இல்லை, நேராகக் கடத்தும்.

மூன்றாவது, பெரிய இன்ஜினைக் குறைந்த பாரத்தில் ஓட்டுவது. 1400-இல் சும்மா சுற்றவே மணிக்கு இரண்டரை லிட்டர் பக்கம் குடிக்கும். சிலிண்டர் சூடேறாமல் லைனர் (சிலிண்டர் உறை) சுவர் பளபளப்பாகி, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்.

மின்கம்பி — 04-02-2024, இரவு 10:20

10 ஹெச்.பி. மோட்டாரை இந்தப் பிளேடில் மாட்டாதீர்கள். 7.5 கிலோவாட்டில் சும்மா சுற்ற 2 போனால் மீதி 5.5. மேலே போட்ட கணக்குப்படி நிமிடத்துக்கு 10 அடிதான் தள்ள முடியும். தடி கருகும்.

ஆனால் மோட்டாரையே ஒதுக்க வேண்டாம். இணைப்பை உயர்த்த முடிந்தால் 30 ஹெச்.பி. 3 ஃபேஸ் மோட்டார் எந்த இன்ஜினையும்விட நல்லது. முழுப் பாரத்தில் வேகம் 1500-லிருந்து 1460, 1470-க்குத்தான் இறங்கும். இங்கே பேசுகிற இன்ஜின்களின் கவர்னர் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. கணு வந்தால் ஒரு நொடிக்கு இரண்டு மடங்கு முறுக்கைக் கொடுத்துத் தாண்டும். சராசரி 15 கிலோவாட் அறுப்புக்கு மணிக்கு 17 யூனிட் போகும். அதே வேலைக்கு டீசல் நான்கு லிட்டருக்கு மேல். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

வோல்டேஜை மட்டும் அளந்துவிட்டு முடிவெடுங்கள். மோட்டாரின் முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். 415 இருக்க வேண்டிய இடத்தில் 340 இருந்தால் முறுக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மோட்டார் நிற்காது, ஆம்பியர் ஏறி வைண்டிங் வேகும். மாலையில் எல்லா பம்ப்செட்டும் ஓடும் நேரத்தில், பாரத்தோடு அளக்க வேண்டும். 30 ஹெச்.பி. சுமார் 40 ஆம்பியர் எடுக்கும். நேராகப் போட்டால் ஸ்டார்ட்டிங்கில் அதன் ஆறு மடங்கு, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அதில் மூன்றில் ஒரு பங்கு.

கடைமடை — 06-02-2024, காலை 7:10

பிளேடைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் 700 என்று குத்தியிருக்கிறது. விட்டம் இப்போது 40 இன்ச் (அரம் போட்டுத் தேய்ந்தது). கனம் 4.2 மி.மீ. சரிதான். 60 பல்.

இணைப்பு உயர்த்த டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டும் என்கிறார்கள், காலம் ஆகும். பழைய ரஸ்டன் எதுவும் பக்கத்தில் கிடைக்கவில்லை.

அறுப்புக்காரர் — 06-02-2024, காலை 8:25

700 நல்ல வேகம். 40 இன்ச் பிளேடின் சுற்றளவு 10.5 அடி, 700-இல் விளிம்பு நிமிடத்துக்கு 7,300 அடி ஓடும். வட்ட ரம்பத்துக்கு 7,000 முதல் 10,000 அடி வரை வழக்கம். சிறிய இன்ஜினுக்குக் கீழ்முனைதான் பொருத்தம்.

இனி பல். உங்கள் இன்ஜின் கேள்வியின் பாதி இதில்தான் இருக்கிறது. 60 பல், 700 ஆர்.பி.எம்., நிமிடத்துக்கு 42,000 பல் மரத்தில் விழுகிறது. 20 அடி தள்ளினால் ஒரு பல் எடுப்பது 0.15 மி.மீ. அது சீவல் இல்லை, மாவு. மாவு பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் தங்காது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒழுகி உரசும். விளிம்பு சூடாகும், டென்ஷன் போகும், பிளேடு பாம்பாக நெளியும். இன்ஜின் பற்றவில்லை என்று நினைத்து மெதுவாகத் தள்ளுவோம், அப்போது மாவு இன்னும் நைசாகும். சக்தி மொத்தமும் உரசலில் போகும்.

அதே இன்ஜின், 30 பல் இருந்தால் ஒரு பல் 0.3 மி.மீ. எடுக்கும். சீவலாக வரும், வெளியே பறக்கும். குறைந்த ஹெச்.பி.க்குக் குறைந்த பல். அமெரிக்கப் பண்ணை மில்களில் பல் செருகும் பிளேடுகளைக் குறைந்த பல் வைத்து ஓட்டியதும் இதற்காகத்தான்.

பழைய_ரஸ்டன் — 06-02-2024, காலை 9:00

அப்படியானால் ஒன்று விட்டு ஒன்று அரைத்து எடுத்துவிட்டால் 30 வந்துவிடுமே?

அறுப்புக்காரர் — 06-02-2024, காலை 9:20

கூடவே கூடாது. செட் பல்லில் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் மிஞ்சுவதெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த பல். பிளேடு அந்தப் பக்கமே ஓடி, அது ஆடாமல் இரண்டு பக்கமும் நிற்கும் கைடு பின்னில் உரசும்.

ஜோடியாக எடுத்து ஜோடியாக விட்டால் பக்கம் சரியாகும், ஆனால் பல் இடைவெளி சீராக இருக்காது, பள்ளமும் சிறியதாகவே இருக்கும். ரம்பம் அடிக்கிற பட்டறையில் கொடுத்து 30 பல்லாகப் புதிதாக வெட்டச் சொல்லுங்கள். பள்ளத்தின் அடி வட்டமாக இருக்க வேண்டும். கூர் மூலையாக விட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். கொக்கிக் கோணம் (பல் முன்பக்கம் சாயும் அளவு) மா, வாகைக்கு 25 டிகிரி, புளி, காய்ந்த வேம்புக்கு 15, 20. கலந்து அறுப்பதால் 20 வையுங்கள். செட் பக்கத்துக்கு 0.8 மி.மீ., 0.9 மி.மீ. தாண்ட வேண்டாம். வெட்டியதும் 700-க்கு மறுபடி அடித்து டென்ஷன் பார்க்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிட்டால் வெட்டியது வீண்.

இன்னொரு வழி 36 இன்ச் பிளேடு. 6 இன்ச் காலர் (பிளேடை ஷாஃப்டில் இறுக்கும் வட்டத் தகடு) போக 15 இன்ச் வரை ஆழம் கிடைக்கும், உங்கள் 12 இன்ச் தடிக்குப் போதும். தகடு 3.4 மி.மீ. போதும், அறுப்பு அகலம் 5-க்கு இறங்கும். ஆறில் ஒரு பங்கு சக்தி மிச்சம், அதே அளவு மரமும் மிச்சம். 18 இன்ச் தடி வந்தால் புரட்டி இரண்டு பக்கம் அறுக்க வேண்டியிருக்கும்.

லேத்பட்டறை — 07-02-2024, மாலை 6:45

கணக்கு இவ்வளவு இறங்கிய பிறகு என் ஓட்டு டிராக்டருக்கு. 35 ஹெச்.பி. இன்ஜினில் பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் சக்தி எடுக்கும் ஷாஃப்ட்) கிடைப்பது 30. நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓட்ட 24, 25-க்கு மேல் எடுக்காதீர்கள். சும்மா சுற்றும் பங்கு போக, 12 இன்ச் தடியை நிமிடத்துக்கு 25 அடி தள்ளலாம். டிராக்டர் பம்பில் எல்லா வேகத்துக்கும் கவர்னர் உண்டு, கை நெம்புகோலை வைத்தால் அங்கேயே நிற்கும். லேலண்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இதில் ஏற்கெனவே இருக்கிறது.

கவுன்டர் ஷாஃப்டை இப்போதே சரியாகப் போட்டுவிட்டால் நாளைக்கு மோட்டார் வந்தாலும் அதிலேயே மாட்டலாம். அளவுகள்: பி.டி.ஓ. 540, கவுன்டர் ஷாஃப்டும் 540. அதில் 24 இன்ச் புல்லி, ரம்ப ஷாஃப்டில் 18 இன்ச் புல்லி. பெல்ட் நழுவல் 2 சதவீதம் கழித்தால் 705. பெல்ட் வேகம் நிமிடத்துக்கு 3,400 அடி. 1 இன்ச் அகலம் 1,000 அடி வேகத்தில் 1 ஹெச்.பி. கடத்தும் என்ற பழைய கணக்கில் 25 ஹெச்.பி.க்கு ஏழரை இன்ச். 8 இன்ச் ரப்பர் கேன்வாஸ் பெல்ட், 4 பிளை (அடுக்கு), போடுங்கள். 18, 14 என்று சின்னப் புல்லி போட்டால் அதே சக்திக்கு 10 இன்ச் பெல்ட் வேண்டியிருக்கும், அதனால்தான் பெரிய புல்லி.

இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே 12 முதல் 15 அடி. தளர்ந்த பக்கம் மேலே வருமாறு சுழற்சியை அமையுங்கள், அப்போது பெல்ட் தொங்கிப் புல்லியை அதிகம் தழுவும். வி-பெல்ட்டும் போடலாம், சி செக்ஷன் 5 போதும். ஆனால் ரம்பம் தடியில் இறுகும்போது தட்டைப் பெல்ட் நழுவியோ கழன்றோ விட்டுக்கொடுக்கும், வி-பெல்ட் விடாது. அந்த அடி அப்படியே டிராக்டரின் பி.டி.ஓ.வுக்குப் போகும். நான் தட்டைப் பெல்ட் பக்கம்.

பி.டி.ஓ. முனையில் நேராகப் புல்லி மாட்டாதீர்கள், லேலண்டுக்குச் சொன்ன அதே காரணம். கார்டன் ஷாஃப்ட் (மூட்டு வைத்த ஷாஃப்ட்), அதன்மேல் பிளாஸ்டிக் உறை. உறை இல்லாத பி.டி.ஓ. ஷாஃப்ட் வேட்டி, துண்டு முனையைப் பிடித்தால் ஆளையே சுருட்டிவிடும்.

மின்கம்பி — 07-02-2024, இரவு 9:30

இதோடு சேர்த்து ஒரு விஷயம். சா மில் உரிமம் வனத்துறையின் கையில் இருக்கிறது. 1996 டிசம்பர் 12-இல் காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு இதில் பிடி இறுகிவிட்டது. இயந்திரத்தை மாற்றும் முன் உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய_ரஸ்டன் — 09-02-2024, காலை 6:55

கூலிங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வயலில் ஓடும் டிராக்டருக்கு வெளிக்காற்று இருக்கும். மில்லில் நின்ற இடத்தில், முகத்துக்கு நேரே மரத்தூள். ரேடியேட்டர் இடுக்கு ஒரே நாளில் அடையும். டிராக்டரைக் கூரைக்கு வெளியே நிறுத்தி, ரேடியேட்டர் காற்று வரும் திசையைப் பார்க்கட்டும். முன்னால் கொசுவலைக் கம்பி கட்டி, மதியம் ஒருமுறை தட்டிவிடுங்கள். காற்று வடிகட்டி ஆயில் பாத் வகையென்றால் கிண்ணத்து ஆயிலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

தனி இன்ஜின் வைப்பவர்களுக்கு: ரேடியேட்டரே வேண்டாம், தொட்டி போதும். டீசல் இன்ஜின் வெளியே தரும் சக்தி எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு சூடு தண்ணீருக்கும் போகும். 15 கிலோவாட் வேலைக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80-க்கு ஏற நாலு மணி நேரம் பிடிக்கும். 200 லிட்டர் இரும்பு டிரம் ஐந்தை மேலும் கீழும் குழாயால் கோத்தால் மதியச் சாப்பாடு வரை ஓடும். பிளாஸ்டிக் தொட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. ஓடும் போர் தண்ணீரை நேராக விட்டு இன்ஜினை 40 டிகிரியில் வைத்து ஓட்டுகிறார்கள், அது தவறு. குளிர்ந்த சிலிண்டரில் புகையின் ஈரம் அமிலமாகி லைனரைத் தின்னும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள்.

புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பான், அதுவும் மரத்தூள் குவியலுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

விளிம்புக் கட்டைகளை எரித்து நீராவியில் ஓட்டலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ ஊர் மார்ஷல் போன்ற கம்பெனிகளின் சக்கரம் வைத்த நீராவி இன்ஜின்கள் ரம்பம் ஓட்டியவைதான், முறுக்கில் அவற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் பாய்லர் என்றால் பதிவு, ஆய்வு, சான்று பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். மரவாயு (கட்டையை அரைகுறையாக எரித்து எடுக்கும் வாயு) என்றால், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் வடிவமைத்த மேல்திறப்பு அடுப்பு போன்றவற்றால் டீசலில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். கட்டை ஒரே அளவாக, காய்ந்ததாக இருக்க வேண்டும், தார் வடிகட்டலைத் தினமும் பார்க்க வேண்டும். நாளுக்கு மூன்று மணி நேர அறுப்புக்கு அந்தப் பாடு தேவையில்லை.

அறுப்புக்காரர் — 09-02-2024, மதியம் 12:40

தென்னையை மறந்துவிட்டோம். 2018 கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பக்கம் தென்னை அறுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: வெளிவட்டம் இரும்பு, உள்வட்டம் சோறு. வெளிவட்டம் சாதாரண எஃகுப் பல்லைச் சில தடிகளிலேயே மழுக்கிவிடும். மழுங்கிய பல்லுக்கு ஹெச்.பி. இரண்டு மடங்கு கேட்கும், இன்ஜினைத்தான் குறை சொல்வோம். தென்னை தொடர்ந்து வருமானால் அதற்கென்று கார்பைடு முனை வைத்த தனிப் பிளேடு வைத்துக்கொள்ளுங்கள். சாலையோர வேம்பு, புளியில் ஆணி இருக்கும், அவற்றில் அந்தப் பிளேடை இறக்காதீர்கள்.

கடைமடை — 02-03-2024, இரவு 8:15

டிராக்டர், கவுன்டர் ஷாஃப்ட், 8 இன்ச் பெல்ட், 30 பல். அறுப்பு நன்றாக இருக்கிறது, சீவல் பறக்கிறது. வேகமானியில் 700, தடிக்குள் 680. ஆனால் நாலைந்து வாகைத் தடி ஓடியதும் பிளேடு தடிப் பக்கமாக ஒதுங்குகிறது, பலகை நடுவில் ஒரு நூல் தடிமன் கூடுகிறது. நிறுத்தித் தொட்டால் விளிம்பு சுடுகிறது, நடு குளிர்ச்சி. பேரிங்கும் குளிர்ச்சி. பல் புதுக்கூர்.

அறுப்புக்காரர் — 02-03-2024, இரவு 9:05

எங்கே சுடுகிறது என்று சொன்னது நல்லது, அது போதும். பேரிங் குளிர்ச்சியாக இருந்து நடு சுட்டால் பிளேடைத் தடிப் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். விளிம்பு சுட்டு நடு குளிர்ந்திருந்தால் தடியை விட்டு வெளியே கொஞ்சம் திருப்ப வேண்டும். உங்களுடையது இரண்டாவது. அதற்கு முன் பிளேடை முழுக்க ஆற விடுங்கள், சூட்டோடு அளந்தால் பொய்க்கணக்கு வரும்.

பிளேடு டிராலித் தண்டவாளத்துக்குச் சரி இணையாக இருக்காது, முன் விளிம்பு தடிப் பக்கம் மிகச் சின்னதாகச் சாய்ந்திருக்கும். 20 அடி ஓட்டத்துக்கு ஒரு நூல் என்பது அளவு. பார்க்கும் விதம்: டிராலியில் ஒரு கட்டையை இறுக்கி, அதன் முனை ஒரு குறிப்பிட்ட பல்லைத் தொடுமாறு வைத்து, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி, டிராலியையும் அங்கே தள்ளி, இடைவெளியைப் பாருங்கள். ஒரே பல்லை வைத்து அளப்பதால் தகட்டின் கோணல் கணக்கில் வராது. பின்னால் சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் லீட் (அந்தச் சாய்வு) அதிகம். ரம்ப ஷாஃப்டின் பின் பிளம்மர் பிளாக்கைத் தளர்த்தி, ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) போட்டுத் தள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மெல்லிய ஷிம். பிறகு கைடு பின்னை மறுபடி வையுங்கள்: ஒரு தாள் நுழையும் அளவு, இரண்டு பக்கமும், பல்லின் அடிக்குக் கீழே.

இதெல்லாம் சரியாக இருந்தும் விளிம்பு சுட்டால் 680-ஐப் பாருங்கள். 20 இறங்குவது பரவாயில்லை. 650-க்குப் போனால் பெல்ட் நழுவுகிறதா, டிராக்டர் இறங்குகிறதா என்று கவுன்டர் ஷாஃப்டிலும் வேகம் அளந்து பிரியுங்கள்.

லேத்பட்டறை — 03-03-2024, காலை 7:30

ஓட்டத்தைத் தொடரும் முன் இரண்டு வேலை. டிராக்டரின் கை நெம்புகோல் முழுக்க ஏறினால் பி.டி.ஓ. 540-ஐத் தாண்டி 700, 750 வரை போகும். அப்போது ரம்பம் 900-க்கு மேல் சுற்றும், 700-க்கு அடித்த பிளேடு அது. யாராவது கை தவறி இழுத்தால் போதும். நெம்புகோல் பாதையில் ஒரு போல்ட் வைத்து, 560-க்கு மேல் ஏறாதபடி நிறுத்துங்கள்.

அடுத்தது நிறுத்தும் கம்பி. டிராக்டர் கூரைக்கு வெளியே நிற்கிறது, ரம்பக்காரர் உள்ளே. பம்பின் ஸ்டாப் நெம்புகோலிலிருந்து ஒரு கேபிள், உறையோடு, ரம்பக்காரரின் இடது கைக்கு வர வேண்டும். பிளேடின் பின்னால், அறுத்த பலகை பிளேடை இறுக்காமல் பிரித்து வைக்கும் பிரிப்புக் கத்தி இருக்கிறதா? தகட்டைவிடச் சற்றுக் கனமாக, அறுப்பு அகலத்தைவிடச் சற்று மெல்லியதாக, பல்லிலிருந்து அரை இன்ச் தள்ளி.

கடைமடை — 03-03-2024, இரவு 7:50

பின்னால் 1.2 மி.மீ. இடைவெளி இருந்தது. மூன்று ஷிம்மில் அரை மில்லிமீட்டருக்கு வந்தது. இன்று வாகையும் ஒரு வேம்பும் போனது, விளிம்பு கைபொறுக்கும் சூடுதான், பலகை இரண்டு முனையிலும் நடுவிலும் ஒரே தடிமன். போல்ட் வைத்தாயிற்று. கேபிள் நாளைக்கு. பிரிப்புக் கத்தி இருக்கிறது, 5 மி.மீ. தகடு.

லேத்பட்டறை — 03-03-2024, இரவு 8:10

5 சரி. கேபிள் மாட்டும் வரை ஓட்டாதீர்கள்.